குறையுள்ளோரை அழைக்கும் கிருபை

சென்னைப் பட்டணத்தின் வட எல்லையிலே, கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழியை நோக்கிச் செல்லும் தாழ்ந்த நிலப்பரப்பில் அமைந்தது மணலி புதுநகர். யாம் வசிப்பதும் வழிபடுவதும் ஆங்கேயே. 1969-ஆம் ஆண்டு மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது முதல், அதனையடுத்துப் பற்பல தொழிற்சாலைகள் அப்பக்கத்தில் எழுந்தன. அவற்றை நம்பிப் பிழைக்க வந்த தென்பாண்டி நாட்டாரும், வடவார்க்காட்டாரும், தெலுங்கரும் ஒன்றாய்க் கூடி வாழும் ஊர் எமதூர். இரவில் ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் எரியும் தீக்கொழுந்து வெகுதூரம் தெரியும். அவ்வெளிச்சத்தின்கீழ் இருக்கும் எமது சிற்றாலயத்தில் சென்ற ஆண்டு எழுந்த ஒரு சிறு வழக்கே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் ஒருவர், பல்லாண்டுகள் குடியினால் தம்மையும் தம் குடும்பத்தையும் கெடுத்துக்கொண்டவர், மனந்திரும்பி ஆலயத்திற்கு ஒழுங்காக வரலானார். ஓராண்டு கடந்தபின் போதகர் அவரை நோக்கி, ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார். உடனே சபையிலே முறுமுறுப்பு எழுந்தது. "வாசிக்க வேறு ஆளில்லையா?" என்று பெரியவர் ஒருவர் வினவினார். அவர் வினவியபோது தலையை அசைத்தவருள் யாமும் ஒருவர் என்பதை மறைப்பதிற் பயனில்லை. வீடு திரும்பியபின்னரே அவ்வினா எம்மைத் திருப்பிக் கேட்கத் தொடங்கிற்று. ஆண்டவர் எத்தகையோரை அழைக்கிறார்? குறையற்றோரையே அழைப்பதென்றால் அவருக்கு வேறு ஆளுண்டோ?

இவ்விஷயத்தில் நம்மவரிடையே இருவகைப் பிழையான எண்ணங்கள் உலவுகின்றன. குறையுள்ளவன் திருப்பணிக்கு அருகனல்லன், அவன் கடைசி வரிசையில் அமர்ந்திருத்தலே போதும் என்பது ஒன்று. ஆண்டவர் அழைத்துவிட்டாராதலின் அழைக்கப்பட்டவனுடைய குறையைப் பற்றி இனி எவரும் வாய்திறத்தலாகாது என்பது மற்றொன்று. முன்னது எளியோரைத் தள்ளுவதற்கும், பின்னது வலியோரைக் காப்பதற்கும் பயன்பட்டு வருவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். இவ்விரண்டும் கிருபையின் இயல்பை அறியாமையால் விளைந்தவை என்பதே எமது துணிபு.

இதனை ஆராய நாம் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. எமதூரிலிருந்து தெற்கே திருவொற்றியூரையும் காசிமேட்டையும் கடந்தால் இராயபுரம் வரும். 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி புறப்பட்ட இடம் என்று அதனைப் பலரும் அறிவர். அப்பெயர் எங்ஙனம் வந்தது என்பதைச் சிந்திப்போர் சிலரே. பேதுரு அப்போஸ்தலரைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என வழங்குவர். அவர் பெயரால் எழுந்த ஆலயத்தினாலேயே இராயபுரம் என்னும் பெயர் வழக்காயிற்று என்பர். துறைமுகம் அமைவதற்கு முன் சென்னைக் கடலில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆளையும் சரக்கையும் ஏற்றி, கரைமோதும் அலைகளைக் கடந்து கொண்டுவந்து சேர்த்தவர்கள் படகோட்டிகள். அவர்களே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வாலயத்தைக் கட்டினார்கள். கடலோடிகள் தம் ஆலயத்திற்கு ஒரு கடலோடியின் பெயரைத் தேர்ந்துகொண்டது பொருத்தமேயன்றோ?

ஆயினும் அக்கடலோடியின் சரித்திரத்தைச் சற்றே உற்றுநோக்குங்கள். இரவு முழுதும் வலைவீசி ஒன்றும் அகப்படாத விடியற்காலையில் அவர் அழைக்கப்பட்டார். படகுகள் அமிழுமளவு மீன் நிறைந்தபோது அவர் சொன்ன முதற் சொல் நன்றிச் சொல்லன்று. தாம் பாவியென்றும், ஆண்டவர் தம்மை விட்டுப் போகவேண்டுமென்றுமே அவர் வேண்டிக்கொண்டார். ஆண்டவரோ அவரை விட்டுப் போகவுமில்லை, அவர் சொன்னதை மறுக்கவுமில்லை. நீ பாவியல்லன் என்று அவரைத் தேற்றாமல், அஞ்சாதே என்று சொல்லி வேலையைக் கொடுத்தார். கிருபை நம் குறையைக் காணாததன்று. கண்டும் அழைப்பதே கிருபை.

பிற்காலத்தில் அதே பேதுரு, எல்லாரும் ஓடிப்போனாலும் தாம் ஓடுவதில்லை என்று வாக்களித்தார். அன்றிரவே கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு, ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு அஞ்சி, தம் குருவை அறியேன் என்று மும்முறை மறுதலித்தார். இத்தகைய ஒருவர் இன்று நம் சபைத் தேர்தலில் நின்றால் அவருக்கு எத்தனை வாக்குகள் கிடைக்கும்? வாயிற்காவலராகவேனும் அவரை நாம் நியமிப்போமா? அவர் பெயராலோ ஒரு பேட்டையே வழங்குகிறது. இன்னும் தெற்கே சென்றால் மயிலாப்பூரும், சின்னமலையும், பரங்கிமலையும் தோமா அப்போஸ்தலரின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. அவர் இந்நாட்டிற்கு வந்து இங்கேயே உயிர்நீத்தார் என்பது நெடுங்காலப் பாரம்பரியம். அவரோ, தழும்பைத் தொட்டாலன்றி நம்பேன் என்று கூறியவர். மறுதலித்தவர் பெயரை வடக்கிலும் ஐயுற்றவர் பெயரைத் தெற்கிலும் தாங்கிய பட்டணத்தில் வாழும் நாம், குறையற்றவரைத் தேடி அலைவது வியப்பினும் வியப்பே.

இனி, பேதுரு எங்ஙனம் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டார் என்பதைக் காண்போம். யோவான் எழுதிய சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்திலே மீண்டும் ஒரு கரிநெருப்பு வருகிறது. மறுதலித்த இடத்தில் இருந்தது போன்ற நெருப்பின் அருகிலேயே, மறுதலித்த அளவுக்கு மும்முறை, அன்புண்டோ என்று அவர் வினவப்பட்டார். மூன்றாம் முறை அவர் துக்கப்பட்டார் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். நடந்ததை மறந்துவிடுவோம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. புண்ணை மூடிவைத்து மருந்திடும் மருத்துவன் எவனுமில்லை. புண்ணைத் திறந்தார், அது வலித்தது, பின்னர் ஆறிற்று. ஆறியபின் அவருக்குக் கிடைத்தது பட்டமோ பீடமோ அன்று, ஆடுகளை மேய்க்கும் உழைப்பே.

இதனோடு அவர் சரித்திரம் முடிந்திருந்தால் நமக்கு வசதியாயிருக்கும். முடியவில்லை. அந்தியோகியாவிலே புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார்க்கும் முன்பாக முகமுகமாய்க் கண்டித்தார். அப்போஸ்தலருள் முதல்வர், ஆவியைப் பெற்றவர், அற்புதங்களைச் செய்தவர், பந்தியில் தவறினார். அழைப்புப் பெற்றவர் என்பதற்காகப் பவுல் வாய்மூடியிருக்கவில்லை. கண்டிக்கப்பட்டவர் என்பதற்காகச் சபை பேதுருவைத் தள்ளிவிடவுமில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே செய்ய அறிந்திருந்தது அக்காலத்துச் சபை. நாம் அவ்வித்தையை மறந்தோம்.

அந்தியோகியாவின் பந்தியைப் பற்றிப் பேசும்போது தமிழ்த் திருச்சபையின் பந்தியைப் பற்றிப் பேசாதிருத்தல் நேர்மையாகாது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் இலர். 1774-ஆம் ஆண்டு பிறந்து 1864-ஆம் ஆண்டு மறைந்த அப்பெரியார், இளமையிலேயே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கல்வி பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களை இயற்றியவர். அவர் பாடல்களின்றி நம் கிறிஸ்து பிறப்புப் பண்டிகை நிறைவெய்துவதில்லை. அத்தகைய பெரும் புலவர், கிறிஸ்தவர்க்குள் சாதி வேற்றுமை தொடரவேண்டும் என்று வாதாடினார். எல்லாரும் கலந்து அமரவேண்டும் என்று வற்புறுத்திய இளைய மிஷனெரிமாரைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அம்மிஷனெரிமார் தமிழ்ப் பாடலையும் தமிழர் வழக்கங்களையும் இழிவாக எண்ணியதும் உண்மையாதலின், அவருடைய சினத்தில் ஒரு பகுதி நியாயமுடையது என்று யாமும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் பந்தியைப் பற்றிய அவர் கருத்து பிழையே. 1833-ஆம் ஆண்டு கல்கத்தா அத்தியட்சராகிய டானியேல் வில்சன், சபைகளுக்குள் சாதிப் பாகுபாடு முற்றும் ஒழியவேண்டும் என்று நிருபம் விடுத்தபோது, தென்னாட்டுச் சபைகள் பல அதனை ஏற்க மறுத்துக் கலங்கின. இன்றும் தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில், மாண்டவர்க்கும் சாதிப் பிரிவினை நிலவுவது நமக்குப் பெருநாணம்.

அங்ஙனமாயின் சாஸ்திரியாரின் பாடல்களை நாம் பாடுதல் கூடாதோ? பாடத்தான் வேண்டும். அவர் குறையை மறைத்துவிடலாமோ? மறைத்தலாகாது. தம் காலத்தின் இருளில் ஒரு பகுதியை உள்ளத்தில் சுமந்துகொண்டிருந்த மனிதனின் வாயிலும் ஆண்டவர் பாட்டை வைத்தார் என்பது நமக்கு ஆறுதல். அப்பாட்டைப் பாடுகிறவர் அவ்விருளையும் பாட்டோடு சேர்த்துப் போற்றவேண்டுவதில்லை என்பது நமக்கு எச்சரிக்கை.

புறநாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் காட்டுவோம். இங்கிலாந்து தேசத்து ஜான் நியூட்டன் என்பார் அடிமை வியாபாரக் கப்பல்களில் தொழில் செய்தவர். 1748-ஆம் ஆண்டு கடற்புயலொன்றில் அகப்பட்டு ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார். தம் மனமாற்றம் அன்றே தொடங்கியது என்று அவரே பிற்காலத்தில் கருதினார். கிருபையைக் குறித்து அவர் இயற்றி 1779-இல் அச்சேறிய கீர்த்தனம் உலகமெங்கும் பாடப்படுகிறது. இவ்வளவும் நம் பிரசங்கிமார் அடிக்கடி எடுத்துரைப்பதே. அவர்கள் எடுத்துரையாத பகுதியொன்று உண்டு. புயலில் மனந்திரும்பியபின்னரும் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராகப் பயணஞ்செய்தார். 1754-இல் கடற்தொழிலை விட்டதற்கும் நோயே காரணமாயிற்று. அவ்வியாபாரத்தைக் கண்டித்தும் தம் பங்கைக் குறித்து வெட்கப்பட்டும் அவர் வெளிப்படையாக நூலெழுதியது 1788-ஆம் ஆண்டிலே. புயலுக்கும் அந்நூலுக்கும் இடையே நாற்பதாண்டுகள் கழிந்தன! 1807-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. அவ்வாண்டின் இறுதியில் அவர் கண்மூடினார்.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? ஆண்டவர் நம்மை அழைக்கும் வேளையில் நம் பாவத்தின் முழு அளவு நமக்கே தெரிவதில்லை. அவர் பொறுமையுள்ளவர். ஆனால் அப்பொறுமையை மேல்தளத்தில் நின்று வியக்கிறவர்கள், அதே காலத்தில் கீழ்த்தளத்தில் விலங்கிடப்பட்டுக் கிடந்தவர்களை மறத்தலாகாது. நியூட்டனுக்கு நாற்பதாண்டுகள் கற்றுக்கொள்ளும் காலமாயிருந்தன. அவர் கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கோ அத்தகைய தவணை எதுவும் இல்லை. குறையுள்ளோரைக் கிருபை அழைக்கிறது என்று நாம் பிரசங்கிக்கும்போதெல்லாம், அக்குறையினால் அடிபட்டவர்கள் அதே பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

ஈண்டு நம் வாலிப நண்பர்கள் ஒரு தடை எழுப்புவர். "குறையுள்ளவனை ஆண்டவர் அழைக்கிறார் என்று நீவிர் சொல்வதையே தவறு செய்த தலைவர்களும் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்களே! சபைப் பணத்தைத் தின்றவனும், தன்னை நம்பி வந்த பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவனும், தாவீதும் பாவஞ்செய்தானல்லவா என்று வசனம் காட்டுகிறானே!" என்பர். இது புறக்கணிக்கத்தக்க தடையன்று. இதற்கு எமது விடை வருமாறு. மன்னிப்பு வேறு, பொறுப்பு வேறு. மன்னிப்பு வேண்டி நிற்பவனுக்கு வாயில் அடைபடுதல் கூடாது. ஆயினும் திருடியவன் மன்னிக்கப்பட்ட மறுநாளே பெட்டிச் சாவியைக் கேட்பானாயின், அவன் கேட்டது மன்னிப்பன்று, பழைய வசதியே. பிறருக்குத் தீங்கிழைத்தவன் நாட்டின் சட்டத்திற்கு உட்படுதலும் அவன் மனந்திரும்புதலின் ஒரு பகுதியாம். கிருபை அவனைச் சட்டத்திற்கு மறைக்கும் திரையன்று. எரிகோவின் ஆயக்காரனாகிய சகேயு கிருபையைப் பெற்ற அன்றே, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக்கொடுக்க எழுந்து நின்றான். எவரும் அவனைக் கணக்குக் கேட்கவில்லை. கிருபை வந்தவுடன் கணக்குப் புத்தகத்தை அவனே திறந்தான். தாவீதும் தீர்க்கதரிசி தன்னைச் சுட்டியபோது, பாவஞ்செய்தேன் என்றான். தனக்கு முன்னே பாவஞ்செய்த வேறொருவன் பெயரை அவன் சொல்லவில்லை. உண்மையான அழைப்பையும் போலிச் சாக்கையும் பிரித்தறிய இதனினும் எளிய வழியை யாம் அறியோம்.

இனி மற்றொரு கூட்டத்தாரைக் குறித்தும் ஒரு சொல். எமதூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், தாம் எதற்கும் தகுதியில்லாதவர் என்று எண்ணித் தலைகுனிந்திருக்கும் இளைஞர் பலர் உளர். பள்ளியில் தோற்றவர், குடிகாரன் மகனென்று ஏசப்பட்டவர், வடசென்னையார் என்று சொன்னவுடன் எதிரேயிருப்பவர் முகம் மாறுவதைக் கண்டவர் ஆகிய இவர்களெல்லாம் நல்ல காரியத்திற்கு முன்வரத் தயங்குகின்றனர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னைப் பட்டணம் வெள்ளத்தில் மூழ்கியபோது, தம் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து மக்களைக் கரைசேர்த்தவர்களுள் மீனவர் முதன்மையானவர். அன்று படகில் ஏறியவர் எவரும், ஓட்டுகிறவனுடைய நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்டதாக யாம் கேள்விப்படவில்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல்மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழியிற் பரவி, மீனவரின் படகையும் வலையையும் கருமையாக்கிற்று. அதைக்குறித்துப் பேசவேண்டும் என்று எழுந்தபோது, எம்முள் ஒருவர், "நாமும் வண்டிக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்கள்தாமே? நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆலையில் வேலை செய்கிறவர்கள்தாமே? நமக்குப் பேச என்ன வாயிருக்கிறது?" என்றார். அவர் சொன்னதில் உண்மையுண்டு. எனினும் கை சுத்தமானவன் மாத்திரமே பேசலாம் என்று விதிப்போமாயின், எண்ணூர்க் கழிக்காகப் பேச ஒருவரும் எஞ்சார். அநீதி விரும்புவதும் அதுவே. அசுத்த உதடுகளுள்ளவன் என்று தன்னைக் குறித்துக் கதறிய ஏசாயாவையே ஆண்டவர் பேசும்படி அனுப்பினார். அவன் உதடு நெருப்பால் தொடப்பட்டது, பின்னர் அவன் பேசினான். தன் பங்கை ஒப்புக்கொண்டு பேசுகிறவனுடைய சொல்லுக்கு, குற்றமற்றவன்போல் பேசுகிறவனுடைய சொல்லுக்கில்லாத ஒரு பலமும் உண்டு.

முன்பு கூறிய வழக்கு எங்ஙனம் முடிந்தது என்று வாசிப்போர் கேட்கலாம். முறுமுறுப்பைச் செவியுற்ற அத்தொழிலாளி, போதகரோடும் சபைப் பெரியவர்களோடும் அமர்ந்து பேச இசைந்தார். வேதபாடம் வாசிப்பதோடு, காணிக்கை சேகரிக்கும் முறையிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்பாற் பரிவுள்ள ஒருவர் கூறினார். அப்போது அவர், "ஐயா, வாசிக்கச் சொல்லுங்கள், வாசிக்கிறேன். காணிக்கைப் பை மட்டும் இப்போது வேண்டாம். என் கையை நானே இன்னும் நம்பவில்லை. முதலில் என் வீட்டுக்காரியிடம் வாங்கிய நகைக்குக் கணக்குத் தீர்க்கவேண்டும்" என்றார். அங்கிருந்தவர் எவரும் அதன்பின் பேசவில்லை. மன்னிப்புக்கும் பொறுப்புக்கும் உள்ள வேற்றுமையை யாம் இத்தனை பக்கங்களில் விளக்க முயன்றோம். அவர் அதனை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். வினா எழுப்பிய பெரியவரே எழுந்து, அடுத்த ஞாயிறு அவரே வாசிக்கட்டும் என்று முடிவுசெய்தார்.

அந்த ஞாயிறன்று அவர் வாசித்தார். எழுத்துக்கூட்டித் தடுமாறியே வாசித்தார். கலிலேயாக் கடற்கரையின் பெயரில் ஒருமுறை நின்று, மீண்டும் தொடங்கினார். அவர் மனைவி பெண்கள் பக்கத்தில் அமர்ந்து, நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். நகைக் கணக்கு இன்னும் முற்றும் தீரவில்லை என்று அறிகிறோம். மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தீர்ந்து வருகிறது.

கல்லூரி நண்பர்காள்! உங்களுள் எவரேனும், நான் இன்னும் தகுதியடையவில்லை, தகுதியடைந்தபின் வருகிறேன் என்று ஆண்டவருக்கு விடைசொல்லிக்கொண்டிருப்பீராயின், இராயபுரம் வழியாக ஒருமுறை சென்று வாருங்கள். அப்பெயரைத் தாங்கியவரும் தகுதியடைந்தபின் வந்தவரல்லர். அன்றி, உங்களுள் எவரேனும் அழைப்பைக் காட்டித் தம் குறையை மூடிக்கொண்டிருப்பீராயின், கரிநெருப்பின் அருகில் கேட்கப்பட்ட அந்த மூன்று வினாக்களுக்கு விடையளித்தபின் புறப்படுங்கள். வாசிக்கத் தெரிந்த அனைவரையும்விட நன்றாக வாசித்த அத்தொழிலாளியின் முன் அன்று தலையசைத்தமைக்காக, யாமும் எமது விடையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.